கால்பந்து ஸ்டேடியத்தில் ஐஸ் ஹாக்கி: பக் ஏன் கண்ணில் படுவதில்லை?

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். திறந்தவெளி ஸ்டேடியத்தில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "குளிரில விறைச்சு, அவ்வளவு காசும் குடுத்து, மூண்டு மணித்தியாலம் இருந்தும் பக்கை ஒருக்காவும் ஒழுங்காக் காணேல்லை. பெரிய ஸ்கிரீனைப் பாத்துத்தான் ஆர் அடிச்சதெண்டு விளங்கிச்சு. என்ர கண்ணில பிழையோ, ஸ்டேடியத்தில பிழையோ?"

கண்ணில் பிழை இல்லை. ஸ்டேடியத்திலும் பிழை இல்லை என்பதுதான் வேடிக்கை. அது கால்பந்துக்காக அருமையாகக் கணக்குப் போட்டுக் கட்டிய ஸ்டேடியம். அந்தக் கணக்கில் ஐஸ் ஹாக்கி இல்லை, அவ்வளவுதான். என்ன கணக்கு அது என்று பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நமக்கு ஹாக்கி என்றால் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியமும் அங்கே ஓடும் பந்தும்தான். இங்கே பேசுவது ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லை. விட்டம் 7.6 சென்டிமீட்டர், தடிமன் இரண்டரை சென்டிமீட்டர், எடை 160 கிராம் பக்கம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஆடுகளம் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் ஏறத்தாழ 1.07 மீட்டர் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, அதற்கு மேல் கண்ணாடி. அந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வில்லன் அதுதான்.

வழக்கமாக இந்த ஆட்டம் கூரை போட்ட உள்ளரங்கத்தில் நடக்கும். இருபதாயிரம் பேர் உட்காரலாம். ஆனால் 2001 அக்டோபர் 6-ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தில் ஐஸ் போட்டு, பக்கத்து மிச்சிகன் பல்கலைக்கழக அணியுடன் ஆடியது. 74,554 பேர் வந்தார்கள். இரண்டாண்டு கழித்து எட்மன்டன் நகரில், மைனஸ் 18 டிகிரிக் குளிரில், 57,167 பேர் உட்கார்ந்து மான்ட்ரியால் அணி 4–3 என்று ஜெயித்ததைப் பார்த்தார்கள். மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜோசே தியோடோர் முகக்கவசத்துக்கு மேல் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்ற படம் இன்றும் சுற்றுகிறது. 2008 புத்தாண்டு அன்று பஃபலோவில் கொட்டும் பனியில் 71,217 பேர். 2010 மே மாதம் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் கால்பந்து அரங்கில் உலகச் சாம்பியன்ஷிப் தொடக்க ஆட்டத்துக்கு 77,803 பேர். 2014 புத்தாண்டில் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,05,491 பேர். 2008-க்குப் பிறகு இது ஏறக்குறைய வருடாந்திரத் திருவிழா ஆகிவிட்டது.

புல்தரையில் ஐஸ் எப்படி நிற்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புல்லின் மேல் சமதளம் போட்டு, அதன் மேல் அலுமினியத் தகடுகளை அடுக்குகிறார்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே 53 அடி டிரெய்லரில் குளிர்விக்கும் எந்திரம். அது கிளைகால் என்ற, எளிதில் உறையாத திரவத்தைக் குளிர்வித்துத் தகடுகளுக்குள் ஓட விடுகிறது. மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் நடப்பதுதான், அளவு பெரிது. இதற்கு எதிரி காற்றின் வெப்பத்தைவிட நேரடி வெயில். 2021 பிப்ரவரியில் டஹோ ஏரிக்கரையில் நடந்த ஆட்டத்தில் வெயில் பட்டு ஐஸ் இளகி, ஆட்டத்தை நடுவில் நிறுத்தி இரவில்தான் தொடர்ந்தார்கள். குளிர்விக்கும் தொழில்நுட்பம் ஏறக்குறைய கைவசமாகிவிட்டது. கைவசம் ஆகாமல் இருப்பது பார்வையாளரின் பாடுதான்.

முதலில் கண். பள்ளியில் படித்திருப்பீர்கள்: ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. நல்ல பார்வை உள்ளவர், அதாவது கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தருகிறவர், ஏறத்தாழ ஒரு கலை இடைவெளியைப் பிரித்துப் பார்ப்பார். இந்த எல்லை விழித்திரையின் கட்டமைப்பிலிருந்து வருகிறது. அதன் நடுக்குழியில் ஒளியை உணரும் கூம்பு செல்கள் சுமார் இரண்டரை மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு கலை கோணம் விழித்திரையில் விழும்போது சுமார் ஐந்து மைக்ரான். இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய நடுவில் ஒரு கூம்பாவது சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கும் இந்த எல்லையும் பொருந்திப் போகின்றன. லென்ஸும் கண்மணியும் ஒளியைச் சிதறடிக்கும் அளவும் கிட்டத்தட்ட அதேதான். ஒளியியலும் செல்களும் ஒன்றையொன்று வீணடிக்காமல் அமைந்திருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். "கண் பயிற்சி செய்தால் கழுகுப் பார்வை", "தேன் இரண்டு சொட்டு விட்டால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை அனுப்புகிறவர்கள் இந்த இரண்டரை மைக்ரானைச் சுருக்குவதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா? பயிற்சியால் கூம்புகள் நெருங்கி உட்காராது. தேன் விட்டால் கண் எரியும், கிருமித் தொற்றும் வரலாம். கண்ணாடி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

சரி, பக். முப்பது மீட்டரில் இருந்து பார்த்தால் அதன் விட்டம் ஒன்பது கலைக்குச் சற்றுக் குறைவு. நூறு மீட்டரில் 2.6 கலை. அதே நூறு மீட்டரில் நம் ஊர்க் கால்பந்து ஏழரைக் கலை இருக்கும். பந்து எங்கிருந்து பார்த்தாலும் உருண்டை. பக் படுத்துக் கிடக்கும் வில்லை என்பதால் தாழ்ந்த இருக்கையில் இருந்து பார்த்தால் அதன் முகம் சுருங்கி, கிட்டத்தட்ட அதன் தடிமன் மட்டும் ஒரு கீற்றாகத் தெரியும். எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு நம் வீட்டுத் திண்ணையில் ஆடும் கேரம் காய்களை எண்ணப் பார்ப்பது மாதிரி.

ஆனாலும் 2.6 கலை என்பது ஒரு கலையைவிட அதிகம்தானே, தெரிய வேண்டுமே என்று கேட்கலாம். தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தால். ஒரு கலைப் பார்வை என்பது கண்ணின் நடுக்குழிக்கு மட்டும், அதாவது பார்வை மையத்தைச் சுற்றி ஓரிரு பாகைக்கு மட்டும் உள்ள சலுகை. பத்துப் பாகை விலகினால் கூர்மை ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். உள்ளரங்கில் இருபத்தைந்து மீட்டர் தொலைவில் பக் பத்துக் கலை இருக்கிறது. கண் வேறு எங்கோ இருந்தாலும் ஓரப் பார்வை அதைப் பிடித்து "இதோ" என்று காட்டிக்கொடுக்கும். ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் மூன்று கலைதான். ஒருமுறை தவறவிட்டால் ஓரப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. ஆடுகளம் முழுவதையும் கண்ணால் துழாவ வேண்டும். பக் வெள்ளை ஐஸ் மீது கறுப்பு என்பதால் எளிது என்று நினைத்தால், கறுப்பு டேப் சுற்றிய ஹாக்கி மட்டைகளும் கறுப்பு ஸ்கேட்டுகளும் அதே அளவுப் புள்ளிகளாக அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அனுபவசாலி ரசிகர்கள் பக்கைத் தேடுவதே இல்லை. பத்து ஆட்டக்காரர்களின் உடல் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துப் பக் இருக்கும் இடத்தை ஊகித்துவிடுகிறார்கள். வாசகியின் மகன் அநேகமாக அப்படித்தான் பார்த்திருப்பான்.

தூரத்துக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 160 கிலோமீட்டரில் அடித்த பக் ஐந்து மீட்டர் தள்ளி உங்களைக் கடந்தால் அதன் கோண வேகம் நொடிக்கு ஐந்நூறு பாகை. எந்தக் கண்ணும் தொடர முடியாது. எண்பது மீட்டரில் அதே பக் நொடிக்கு முப்பது சொச்சம் பாகைதான். கண் சிரமமில்லாமல் கூடவே ஓடும். சிறியதாக, ஆனால் சாவகாசமாக.

அப்படியானால் ஏன் எல்லாரும் கீழே, பக்கத்தில் உட்காரக் கூடாது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பொறியாளர். இயற்பியல் படித்தவர்களுக்குப் பெயர் பரிச்சயம்: 1834-இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் படகு சட்டென்று நின்றபோது அதன் முன்னால் திரண்ட ஒற்றை அலை கலையாமல் போவதைப் பார்த்து, குதிரையில் துரத்திக்கொண்டு போனாரே, அவரேதான். சாலிட்டான் என்று இன்று ஒளியிழைத் தொடர்பு வரை பேசப்படும் விஷயத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. நான்காண்டு கழித்து, 1838-இல், அதே மனிதர் ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார். சொற்பொழிவு மண்டபத்தில் எல்லாருக்கும் பேச்சாளர் ஒரே மாதிரி தெரியவும் கேட்கவும் வேண்டும் என்றால் இருக்கைகளை எந்த வடிவத்தில் அடுக்க வேண்டும்?

சரிவான பலகை போட்டால் போதும் என்றுதான் தோன்றும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட ஒரே அளவு உயரம், படிக்கட்டு போல. போதாது. ஏன் என்று பார்ப்போம்.

மேடையில் ஒரு புள்ளி. முன் வரிசைக்காரர் கண்ணிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. இரண்டாம் வரிசைக்காரரின் கோடு முன்னவர் தலைக்கு மேலாகப் போக வேண்டும். முன்னவர் கண்ணுக்கு மேல் குறைந்தது ஒரு குறிப்பிட்ட இடைவெளி, இன்றைய கணக்கில் 9 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் இதை 'சி மதிப்பு' என்கிறார்கள். முன்னவரின் கோட்டைவிட இரண்டாமவர் கோடு கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். எவ்வளவு? இடைவெளியைத் தூரத்தால் வகுத்த அளவு. மூன்றாமவர் கோடு அதைவிட இன்னும் கொஞ்சம் செங்குத்து. இப்படி ஒவ்வொரு வரிசைக்கும் சரிவு கூடிக்கொண்டே போகிறது. கூடும் அளவு தூரத்துக்குத் தலைகீழ் விகிதம். ஒன்றின்கீழ்த் தூரம், ஒன்றின்கீழ்த் தூரம் என்று வரிசையாகக் கூட்டினால் என்ன வரும்? மடக்கை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 1/x-ஐத் தொகையிட்டால் வரும் அதே லாக். நீங்கள் எந்த நல்ல கேலரியில் உட்கார்ந்திருந்தாலும், மேலே போகப் போகப் படி உயரம் கூடுவதைக் கால் உணர்ந்திருக்கும். அங்கே ஏறியது ஒரு லாகரிதம் வளைவின் மீது.

எண்களோடு பார்த்தால் இன்னும் அழகு. ஒரு கற்பனைக் கேலரி எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை கால்பந்துக் களத்தின் பக்கக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, கண் உயரம் தரையிலிருந்து 2.2 மீட்டர். வரிசைக்கு வரிசை 80 சென்டிமீட்டர் ஆழம். எல்லாருக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்க வேண்டும். ரஸ்ஸல் வளைவில் போட்டால் கீழே ஒரு படியின் உயரம் 27 சென்டிமீட்டர், ஐம்பதாவது வரிசையில் 41 சென்டிமீட்டர். சாய்வு 19 பாகையில் தொடங்கி 27 பாகையில் முடிகிறது. ஐம்பதாவது வரிசைக்காரரின் கண் தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில். பென்சிலும் லாக் அட்டவணையும் இருந்தால் போதும், இதைப் போட்டுவிடலாம். ரஸ்ஸல் காலத்தில் அவ்வளவுதான் இருந்தது. சிகாகோவில் 1889-இல் திறந்த ஆடிட்டோரியம் அரங்கை அட்லரும் சல்லிவனும் இந்த வளைவை வைத்துத்தான் வடிவமைத்தார்கள்.

இந்த வளைவில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கோடுகள் எல்லாம் ஒரே ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். கால்பந்தில் அந்தப் புள்ளி கேலரிக்கு அருகில் இருக்கும் பக்கக்கோடு. அங்கே தெரிந்துவிட்டால் அதற்கு அப்பால் எல்லாம் தெரியும்.

இப்போது அந்தக் களத்தின் நடுவில் ஐஸ் ஹாக்கி ஆடுகளத்தைக் கொண்டுவந்து வையுங்கள். அமெரிக்கக் கால்பந்துக் களம் ஏறத்தாழ 110 மீட்டருக்கு 49 மீட்டர். ஐஸ் களத்தின் பரப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீளவாட்டுப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் பதினொன்றரை மீட்டர் வெறும் இடம் மிஞ்சும். பார்க்க வேண்டிய புள்ளி அவ்வளவு உள்ளே போய்விடுகிறது. இதனால் முன்னால் இருப்பவர் தலை இன்னும் அதிகம் மறைக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் நேர்மாறு! புள்ளி தூரம் போகப் போகத் தலைக்கு மேல் இடைவெளி கூடுகிறது. நம் கற்பனைக் கேலரியின் முன் வரிசைகளில் 9 சென்டிமீட்டர் 18 ஆகிவிடுகிறது. ரஸ்ஸல் தீர்த்து வைத்த பிரச்சினை இன்னும் நன்றாகவே தீர்ந்திருக்கிறது.

மறைப்பது பலகை. கால்பந்துக் களத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு தவிர ஒன்றும் கிடையாது. ஐஸ் களத்தைச் சுற்றி 1.07 மீட்டர் சுவர். உங்கள் கண்ணிலிருந்து அந்தச் சுவரின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும் கோடு, உள்ளே ஐஸில் எங்கே விழுகிறதோ அதுவரை உள்ள ஐஸ் உங்களுக்குத் தெரியாது. ஒத்த முக்கோணங்கள் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். மறையும் அகலம் வேண்டுமா? பலகை உயரத்தைப் பலகைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, கண் பலகையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதால் வகுங்கள்.

உள்ளரங்கில் முதல் வரிசை: பலகையிலிருந்து ஒரு மீட்டர், கண் உயரம் 1.7 மீட்டர் என்று வைத்தால், மறைவது 1.7 மீட்டர். பொறுத்துக்கொள்ளலாம். நம் கற்பனை ஸ்டேடியத்தின் முதல் வரிசை: பலகையிலிருந்து 21.5 மீட்டர், கண் உயரம் 2.2. மறைவது இருபது மீட்டர். மொத்த அகலமே 26! முக்கால்வாசி ஐஸ் காணோம். ஆட்டக்காரர்கள் மார்பளவில் மிதந்துகொண்டு போவார்கள். மட்டையின் முனையும் பக்கும் பலகைக்குப் பின்னால். அதிக விலைக்கு டிக்கெட் வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முதலில் ஸ்கிரீனுக்குத் தலையைத் திருப்புவது இதனால்தான். இது போதாதென்று, புல்லைக் காக்கப் போடும் தளத்தாலும் ஐஸின் தடிமனாலும் களம் கொஞ்சம் மேலே ஏறும். கண்ணின் உயரத்தில் அதையும் கழிக்க வேண்டும், நிலைமை இன்னும் மோசம்.

மேலே ஏறுவோம். பதின்மூன்றாம் வரிசை வாக்கில் மறைவு ஏழு மீட்டராகக் குறைகிறது. இருபத்தைந்தில் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. ஐம்பதில் மூன்றரை. ஆக, உயர உயர நல்லது. ஆனால் ஐம்பதாவது வரிசையிலிருந்து களத்தின் நடுப்புள்ளி 76 மீட்டர். அங்கே பக் 3.4 கலை அகலம், 2 கலை உயரம். எதிர்மூலையில் என்றால் இன்னும் குறைவு. கீழே இருந்தால் சுவர் மறைக்கிறது, மேலே போனால் கூம்புகள் கைவிடுகின்றன. உள்ளரங்கக் கேலரி ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செங்குத்தாக எழுவதால் இரண்டு கஷ்டமும் ஒரே நேரத்தில் சமாளிக்கக்கூடிய அளவில் நிற்கின்றன. ஸ்டேடியத்தில் ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஐம்பது வரிசையோடு நிற்காத மிச்சிகன் ஸ்டேடியம் மாதிரி மாபெரும் கிண்ணங்களில், கடைசி வரிசைகளுக்கு என்ன தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எட்மன்டன் ஸ்டேடியம் இதிலும் ஒரு படி மேல். 1978 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டியது, களத்தைச் சுற்றி ஓடுபாதை. 2001 உலகத் தடகளப் போட்டியும் அங்கேதான் நடந்தது. ஆகவே 2003-இல் வந்த ஐம்பத்தேழாயிரம் பேருக்கு ஓடுபாதை தாண்டி, கால்பந்துக் களத்தின் விளிம்பு தாண்டி, அப்புறம்தான் பலகை. பேஸ்பால் மைதானங்களான ரிக்லி ஃபீல்டிலும் ஃபென்வே பார்க்கிலும் ஆடினார்களே என்றால், அவை விசிறி வடிவம். இருக்கைகள் எல்லாம் ஒரு மூலையைப் பார்த்தபடி. அது வேறு வகைத் தொல்லை.

கண் மட்டும் அல்ல, காதும் ஏமாறுகிறது. ஐஸ் ஹாக்கியின் பாதிச் சுவை சத்தத்தில். ஸ்கேட் ஐஸைக் கீறும் ஒலி, பக் பலகையில் மோதும் 'டமார்'. உள்ளரங்கில் கூரையும் சுவரும் அதைத் திருப்பித் திருப்பி நம்மிடமே அனுப்பும். திறந்தவெளியில் போனது போனதுதான். 15 மீட்டரில் கேட்பதோடு ஒப்பிட்டால் 76 மீட்டரில் நேராக வரும் ஒலி 14 டெசிபல் குறைவு, அதுவும் கால் நொடி தாமதமாக. எழுபதாயிரம் பேர் கைதட்டினால் அதையாவது கேட்கலாமே என்றால், எல்லார் கையிலும் கம்பளி உறை.

தொலைக்காட்சிக்காரர்களுக்கும் இதே தலைவலி ஒரு காலத்தில் இருந்தது. பழைய திரையில் கோடுகள் குறைவு, பக் ஒரு புள்ளியாகக்கூட நிற்காது. 1996-இல் ஃபாக்ஸ் நிறுவனம் பக்குக்குள் அகச்சிவப்பு ஒளி உமிழும் சில்லுகளை வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் வரைந்தது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் முளைக்கும். பழைய ரசிகர்கள் கார்ட்டூன் என்று கிண்டல் செய்தார்கள், 1998-க்குப் பின் அது நின்றுபோனது. எனக்கென்னவோ அந்தக் கிண்டலில் நியாயம் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணின் எல்லை தெரிந்து செய்த காரியம் அது. பிறகு வந்த எச்.டி. திரைகள் பிக்சலைச் சிறிதாக்கி அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தன.

களத்தை ஒரு பக்கக் கேலரியை ஒட்டி நகர்த்தி வைத்தால் என்ன? அந்தப் பக்கம் அருமையாகத் தெரியும், எதிர்ப் பக்கம் அநாதை. டிக்கெட் பாதிதான் விற்க முடியும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிச்சுற்றைக் கால்பந்து அரங்கங்களில் வைத்தபோது முன்பெல்லாம் ஒரு முனையில் ஆடினார்கள். 2009-இல் டெட்ராய்டில் களத்தை நடுவில், மேடை போல உயர்த்தி வைத்து எழுபதாயிரம் பேரை உட்கார வைத்தார்கள். கூடைப்பந்துக்குப் பலகைச் சுவர் கிடையாது, பந்தும் பெரிது, அதனால் ஒப்பேறியது. ஐஸ் ஹாக்கியில் களத்தை உயர்த்தினால் சுவரும் கூடவே உயரும்.

ஊர்க்கதை ஒன்றும் இதில் இருக்கிறது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தூரம் புதிதல்ல. 400 மீட்டர் ஓடுபாதைக்கு நடுவில் கால்பந்துக் களம் போட்டால், அளவுகளின்படி கோல் கம்பத்துக்குப் பின்னால் முதல் இருக்கைக்கு முன்பே முப்பத்தைந்து மீட்டர் போய்விடும். லண்டனில் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் குடிபோன வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி ரசிகர்களின் புலம்பலும் இதே. ஒரு அரங்கத்தில் எல்லா விளையாட்டும் என்று கோப்பில் எழுதும்போது செலவு மிச்சமாகத்தான் தெரியும். நான் பார்த்த மாவட்ட மைதானங்களில் கேலரி என்றால் கீழிருந்து மேல்வரை ஒரே உயரப் படி, முன் வரிசைக்காரர் எழுந்தால் பின்னால் எல்லாரும் எழ வேண்டும். கோடிக்கணக்கில் கான்கிரீட் கொட்டுமுன், ஒரு பொறியியல் கல்லூரி மாணவரை உட்கார வைத்து ரஸ்ஸல் வளைவை ஒரு வாரம் வரையச் சொல்லலாம். சம்பளமாக ஒரு உதவித்தொகை போதும். பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படாத, நிதி கேட்டால் சிரிக்கிற அளவுக்கு மலிவான இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் நம்மிடம் பணமே ஒதுக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் திறந்தவெளி ஆட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஃபலோவில் பனி கொட்ட, கடைசிப் பகுதியில் காற்றின் சாதகம் இரு அணிக்கும் சமமாக இருக்க நடுவில் பக்கம் மாறி ஆடியது, கடைசியில் சிட்னி கிராஸ்பி ஷூட்அவுட்டில் கோல் போட்டு முடித்தது, இதெல்லாம் கூரைக்குக் கீழே கிடைக்காது. ஆட்டம் பார்க்க என்றால் உள்ளரங்கம், திருவிழா பார்க்க என்றால் ஸ்டேடியம் என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

வாசகி அடுத்த முறையும் போவதாக இருந்தால்: நீளவாட்டுப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, அடியிலிருந்து இருபது முதல் முப்பதாவது வரிசைக்குள் இடம் பாருங்கள். அங்கே பலகை மறைப்பது ஐந்து மீட்டர் வாக்கில், நடுக்களத்தில் பக் நாலரை, ஐந்து கலை. அதைவிட மேலேதான் கிடைத்தால் பைனாகுலர் எடுத்துப் போகலாம், ஆனால் பறவை பார்க்கும் எட்டு மடங்குக் கருவி வேண்டாம். அது ஏழு பாகைக்குத்தான் காட்டும். 76 மீட்டரில் பத்து மீட்டர் அகலத்துக்கும் கீழே, பக் ஒரே அடியில் அதைத் தாண்டி ஓடிவிடும். நாடகம் பார்க்க விற்கும் சிறிய மூன்று மடங்குக் கண்ணாடி போதும். மூன்று கலைப் பக் பத்துக் கலை ஆகும், உள்ளரங்கில் உட்கார்ந்தவருக்குத் தெரியும் அதே அளவு. கையுறையோடு பிடிக்க வசதியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.